மருந்து படாத கிடா

இந்தத் தொழிலில் நான் செய்த மிகப் பெரிய தவறை ஐந்தே நிமிடத்தில், கை நடுங்காமல், மிக நேர்த்தியாகச் செய்து முடித்தேன். ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும், தெரியாத வேலையில்தான் தவறு வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் உங்கள் பயிற்சிக் கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்களே, அன்று உங்கள் முகங்களைப் பார்த்தேன். மரபணுவைப் படிக்கும் இயந்திரத்தைக் கண்டு எல்லோருக்கும் பயம்; ஆட்டின் வாயைத் திறந்து மருந்து ஊற்றுவதில் ஒருவருக்கும் பயமில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று நேரம் போதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தோட்டத்து லாரியில் ஏறி சுங்கை பட்டாணி கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பம். பெயர் சவரிமுத்து, வேலையிடத்தில் சவரி. எழுபதுகளில் கால்நடைப் பிரிவில் வெளிவேலை உதவியாளனாகச் சேர்ந்தேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புக்கிட் செலம்பாவ், கோலா கெத்தில் என்று தோட்டம் தோட்டமாகச் சுற்றுவேன். வெட்டு முடிந்து வந்தவர்கள் தங்கள் ஆடுகளைப் பிடித்துக் கொடுப்பார்கள். நான் பூச்சி மருந்து ஊற்றுவேன். அந்தக் காலத்தில் அந்த மருந்து மந்திரம் மாதிரி வேலை செய்தது. தாடை வீங்கி, கண்ணிமை வெளுத்து, எழுந்து நிற்க முடியாமல் கிடந்த ஆடு, மூன்றாம் நாள் வேலி தாண்டிப் போய் வேலை வாங்கும் மண்டோர் வீட்டுக் கீரையைத் தின்னும். நான் தோட்டத்துக்குள் நுழைந்தாலே "மருந்துக்காரத் தம்பி வந்துட்டாரு" என்பார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

என்னிடம் ஒரு பதிவுப் புத்தகம் இருந்தது. தோட்டத்துக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் ஒரு கட்டம். மருந்து ஊற்றினால் அந்தக் கட்டத்தில் ஒரு டிக். என் புத்தகத்தில் காலிக் கட்டமே இருக்காது. மேலதிகாரி மற்ற உதவியாளர்களைக் கூப்பிட்டு வைத்து என் புத்தகத்தைத்தான் பிரித்துக் காட்டுவார். கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் காட்டுவது போல அதை எல்லோருக்கும் காட்டியதில் எனக்கு மகா சந்தோஷம்.

எழுபதுகள் முடியும் சமயத்தில் மந்திரம் குறைய ஆரம்பித்தது. மருந்து ஊற்றிய ஆடுகள் இரண்டு வாரத்திலேயே மறுபடி வெளுத்தன. நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? ஆட்டுக்காரர்களைத் திட்டினேன். ஈரப் புல்லில் மேயவிட்டாய், குட்டியைத் தாயோடு விட்டாய் என்று வாய்க்கு வந்தபடி குற்றம் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊற்றியதை மாதம் ஒருமுறை ஆக்கினேன். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அதைத் தெரியவைத்தவர் ஒரு டாக்டர். எண்பதுகளின் தொடக்கத்தில் என்னைச் சுங்கை பட்டாணிக்கு வெளியே இருந்த ஓர் ஆராய்ச்சிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கேதான் அவர் இருந்தார். ஈப்போவில் வளர்ந்த தமிழ்ப் பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவர். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. வந்த முதல் வாரம் நான் என் மருந்துப் பெருமையை அளந்துகொண்டிருந்தபோது, அவர் ஒரு கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் போல வயிற்றுப் புழுக்கள் கிடந்தன.

"சவரி, நீங்க ஊத்தின மருந்துல ஆயிரம் பூச்சியில எத்தனை செத்துச்சு?"

"கிட்டத்தட்ட எல்லாம் டாக்டர்."

"கிட்டத்தட்டன்னா, சாகாத ஒண்ணு ரெண்டு இருந்துச்சு இல்ல? அடுத்த தலைமுறையப் பெத்தது யாரு? செத்ததா, சாகாததா?"

எட்டு வருடமாக நான் சாகிற புழுக்களையெல்லாம் கொன்று, சாகாத புழுக்களுக்கு இடத்தைக் காலி செய்து கொடுத்திருக்கிறேன். மருந்தைத் தாங்கும் குணம் புழுவின் பரம்பரையில் எப்படி இறங்குகிறது, தாய் வழியாகவா, தகப்பன் வழியாகவா, ஒரே மரபணுவா, பலவா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அதற்கு இரண்டு வகைப் புழுவும் வேண்டும். இரண்டையும் ஓர் ஆட்டின் வயிற்றில் இணை சேர்த்து, பிறப்பவை மருந்தைத் தாங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். சாகாத வகைக்குப் பஞ்சமே இல்லை. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் என் புண்ணியத்தில் குவிந்து கிடந்தது. சாகிற வகைதான் கிடைக்கவில்லை. ஒரு வருடம் அலைந்து, மருந்தே போகாத ஒரு கடலோரத் தீவிலிருந்து டாக்டர் அதைக் கொண்டுவந்திருந்தார். கொட்டகையில் இரண்டு ஆடுகளின் வயிற்றில் அந்தப் புழுக்கள் வாழ்ந்தன. ஓர் ஆடு பாம்பு கடித்துச் செத்துப்போனது. மீதி இருந்தது காது வெளுத்த ஒரே ஓர் ஆடு. நாங்கள் அதை வெள்ளைக்காதன் என்போம்.

டாக்டருக்குக் கொடுத்திருந்த காலத்தில் ஏழெட்டு மாதம்தான் பாக்கி இருந்தது. அதற்குள் இணை சேர்த்து முடிவு காட்டாவிட்டால் கொட்டகையை மூடிவிட்டு அவரை மேசை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். இது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இப்போது தவறுக்கு வருகிறேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளைக்காதனின் பட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்ததால், காலையில் நானே அதை அவிழ்த்துக்கொண்டு போய், புது ஆடுகள் நிற்கும் காலிப் பட்டியில் விட்டேன். ஒன்பது மணிக்குக் கோலா கெத்திலிலிருந்து லாரி வந்தது. ஆறு ஆடுகள் இறங்கின. அவற்றையும் அதே பட்டியில் ஓட்டினேன். வந்த ஆட்டுக்கு முதலில் மருந்து, பிறகுதான் தண்ணீர் என்பது என் கைக்குப் பழகிய சட்டம். மருந்தைக் கலக்கினேன். தாடையைப் பிடித்தேன், ஊற்றினேன், அடுத்தது. தாடையைப் பிடித்தேன், ஊற்றினேன், அடுத்தது. என் கை அவ்வளவு சுத்தமாக வேலை செய்தது. பிறகு உட்கார்ந்து எழுதினேன்: வந்தவை ஆறு. மருந்து ஊற்றியவை ஏழு.

அந்த இரண்டு எண்களையும் நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். வெள்ளைக்காதன் வாயை நக்கிக்கொண்டு நின்றது.

சுற்றிலும் யாரும் இல்லை. இனி சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். உங்களுக்கும் இந்த நிமிடம் ஒருநாள் வரும். தப்பிக்க எனக்கு மிக நல்ல வழி இருந்தது. சில ஆடுகள் ஒருநாள் தாமாகவே வயிற்றுப் புழுக்களை வெளியே தள்ளிவிடும். நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இரண்டு நாளில் வெள்ளைக்காதனின் புழுக்கையில் முட்டை இல்லாமல் போனால், டாக்டரே அப்படித்தான் நினைத்துக்கொள்வார். நான் பொய் சொல்லக்கூட வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு மருந்து பாட்டில்களை அடுக்கினேன். கூட்டினேன். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினேன். மதியச் சாப்பாட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

இரண்டு மணிக்கு டாக்டர் பட்டிக்கு வந்தார். அன்று அவருக்கு நல்ல மனநிலை. வெள்ளைக்காதனின் காதைச் சொறிந்துகொடுத்தபடி சொன்னார்.

"நாளைக்கே ஆரம்பிச்சிடலாம் சவரி. எல்லாம் ரெடி. இன்னிக்கு இவனுக்கு நல்ல தழையா பார்த்துப் போடுங்க."

"டாக்டர், அதுக்கு நான் மருந்து ஊத்திட்டேன்."

அவர் கை ஆட்டின் காதிலேயே நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு?"

"ஒம்போதுக்கு."

"இப்ப ரெண்டு." ஆட்டின் அடிவயிற்றைத் தடவினார். "ஒம்போதே காலுக்குச் சொல்லியிருந்தா பின்குடல்ல கிடந்த புழுக்கைய எடுத்திருப்பேன். மருந்து அது வரைக்கும் போயிருக்காது. அந்த முட்டையே நமக்குப் போதும்."

இந்த இடத்தில்தான் நான் உடைந்துபோனேன். மருந்து ஊற்றியது கைத்தவறு. அதற்கு மன்னிப்பு உண்டு. வாயை மூடிக்கொண்டு கூட்டிய இடத்தையே கூட்டிக்கொண்டிருந்தேனே அந்த ஐந்து மணி நேரம், அதுதான் புழுக்களைக் கொன்றது. இருந்தாலும் கிடைத்த புழுக்கையை எடுத்து முட்டைகளைப் பொரிக்க வைத்தோம். வியாழக்கிழமை காலை நுண்ணோக்கியில் பார்த்தோம். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. வெள்ளைக்காதன் மட்டும் முன்னைவிடத் தெம்பாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

தீவுக்கு மறுபடி போகலாமா என்று கேட்டேன். டாக்டர் சோர்ந்த சிரிப்பு ஒன்று சிரித்தார். அவர் ஆடு வாங்கிய விஷயம் தெரிந்து, ‘அங்கே இவ்வளவு பூச்சியா’ என்று யாரோ ஓர் உதவியாளரை அனுப்பி, தீவு முழுக்க மருந்து ஊற்றிவிட்டார்களாம். என்னைப் போல ஒரு கெட்டிக்காரன்.

"எட்டு வருஷம் இந்த வட்டாரம் பூரா ஊத்தினது நீங்கதானே. ஒங்க புத்தகத்த எடுங்க. எங்கயாவது விட்டுப்போன ஆடு இருக்கும்" என்றார்.

பழைய புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து வந்து வைத்தேன். அவர் பக்கம் பக்கமாகத் திருப்பினார். டிக், டிக், டிக். காலிக் கட்டம் தேடி விரலை வைத்துக்கொண்டு போனார். கடைசிப் பக்கம் வரை போய் மூடி வைத்துவிட்டு, "நல்லா வேலை செஞ்சிருக்கீங்க சவரி" என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே சொன்னார். என் வாழ்க்கையில் என்னை அவ்வளவு சுட்ட பாராட்டு வேறு இல்லை.

ஏனென்றால் அதில் ஒரு டிக் பொய். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்தில், காண்டா என்கிற பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், செம்பருத்தி வேலிக்குள் முனியாண்டி கோயில் இருந்தது. பாக்கியம் அக்கா என்று ஒரு பால்வெட்டும் அம்மாள் அங்கே விளக்கு வைப்பார். வேலிக்குள் எப்போதும் ஒரு நேர்ந்துவிட்ட கிடா நிற்கும். முதல் தடவை நான் மருந்தோடு போனபோது அக்கா கிடாவைப் பிடித்துக் கொடுக்க மறுத்தார். சாமிக்கு நேர்ந்ததற்கு மருந்து மாயம் எதுவும் படக்கூடாதாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கிடா செத்துப்போனா ஒங்க சாமியா வந்து உசுரு குடுக்கும்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். வேறு சாமி கும்பிடுகிறவன் அப்படிக் கேட்டிருக்கவே கூடாது. அக்கா கிடாவை அவிழ்த்துக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். ஒரு கட்டத்துக்காகப் பக்கமே அசிங்கமாகிவிடுமே என்று தோன்றியது. டிக் போட்டேன். அடுத்த தடவையும் போட்டேன். பிறகு காண்டாவைத் தாண்டிப் போவதையே விட்டுவிட்டு, இந்தப் பக்கம் நின்றபடியே போட்டேன்.

இப்போது இதைச் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் இரண்டாவது குற்றம். ஒரு டிக் பொய் என்றால் மற்ற டிக்குகளை யார் நம்புவார்கள்? வெள்ளைக்காதன் போனபின் எனக்கென்று மிச்சம் இருந்த நல்ல பெயர் அந்தப் புத்தகம் மட்டும்தான். ஆனால் ஐந்து மணி நேரத்தின் விலை இந்தத் தடவை ஞாபகம் இருந்தது. டாக்டர் எழுந்து கதவு வரை போவதற்குள் சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா?"

"ஆரம்பத்துல இருந்தே."

"இன்னொரு தடவை சொல்லுங்க. அந்தக் கிடாவுக்கு ஒருக்காகூட மருந்து ஊத்தல?"

"அந்தக் கிடாவுக்கு மட்டுமில்ல டாக்டர். ஒரு கிடா பூசைக்குப் போச்சின்னா உடனே அடுத்தத நேர்ந்து விடுவாங்க. அதே எடத்துலதான் மேயும். வேற ஆடு உள்ள போகாது."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரு கிடாவின் புழுக்கையிலிருந்து அடுத்த கிடாவுக்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று, என் மருந்து எட்டாத ஒரு புழுப் பரம்பரை அந்த வேலிக்குள் வாழ்ந்திருக்க வேண்டும். "ஒருத்தர் பொய் எழுதினதுக்கு நான் சந்தோஷப்படுறது இதுதான் மொத தடவை" என்றார். பிறகு முகம் மாறி, "மத்த டிக் எல்லாம்?" என்று கேட்டார். மற்றதெல்லாம் சத்தியம் என்றேன். நம்பினார்.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய காரில் போனோம். பாக்கியம் அக்கா வெட்டு முடிந்து வந்து கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். வேலிக்குள் கறுப்புக் கிடா, பளபளவென்று நின்றது. என்னைப் பார்த்ததும் அக்கா விளக்குமாற்றை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"என்னா, மருந்துக்காரரா? ஞாயித்துக்கெழம பூச. கிடா கிட்ட வந்துறாத, சொல்லிட்டேன்."

"மருந்து ஊத்த வரல அக்கா. மொதல்ல, அன்னிக்கு ஒங்க சாமியப் பத்திக் கேட்டேன்ல, அது தப்பு. மன்னிச்சிக்குங்க."

"எட்டு வருஷம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சிச்சா?" என்றார். ஆனால் விளக்குமாறு இறங்கியது.

நான் புழுக்கை மட்டும் வேண்டும் என்றேன். அவர் விநோதமாகப் பார்த்தார். அதற்குள் டாக்டர் நேர்மையாக, நகரத்துப் பெண்ணாக, சொல்லிவிட்டார்: "ஒங்க கிடா வயித்துல இருக்கிற பூச்சி எங்களுக்கு வேணும்மா."

அக்காவின் முகம் இருண்டுபோனது. நேர்ந்துவிட்ட கிடாவுக்கு ஊனம் இருக்கக்கூடாது. காது கிழிந்திருக்கக்கூடாது, கொம்பு உடைந்திருக்கக்கூடாது, சீக்கு இருக்கக்கூடாது. ஆறு வயதில் காய்ச்சல் வந்து நடக்க முடியாமல் கிடந்த மகள் எழுந்து நடந்ததற்காக அக்கா நேர்ந்துவிட்ட கிடா அது. பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது இரண்டு பேர் காரில் வந்து அதன் வயிற்றில் பூச்சி என்கிறோம்.

"எங்க சாமி கிடாவுக்கு பூச்சியா? யாரு சொன்னா? கெளம்பிப் போங்க லா ரெண்டு பேரும்!"

டாக்டர் விளக்க வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். எட்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் நான் அறிவைக் காட்டியது போதும். "அக்கா, பூச்சி இல்லாத ஆடே கெடையாது. ஒங்க கிடாவ பாருங்க, கண்ணிமை உள்ள எப்படி செவப்பா இருக்கு. சீக்குன்னா வெளுத்துப் போயிருக்கும். கெட்டதுக்கு வரல. நாங்க தொடவும் மாட்டோம். அது தானா போட்டா, நீங்களே எடுத்துக் குடுங்க. இல்லன்னா இப்படியே போயிடுறோம்" என்றேன்.

அக்கா கிடாவின் முகத்தைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். பிறகு, "நான் குடுக்க யாரு? அதோட சொந்தக்காரருகிட்ட கேக்கணும்" என்று சொல்லி, மஞ்சள் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தார். உங்களில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தண்ணீர் தெளித்தால் கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு. தெளித்தார். கிடா நின்றது. மறுபடி தெளித்தார். அது எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு அசை போட ஆரம்பித்தது. டாக்டருடைய இரண்டு வருட உழைப்பு ஓர் ஆட்டின் முதுகுத்தோலில் நின்றது. நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்று இன்றுவரை பாதிரியாரிடம் சொல்லவில்லை.

மூன்றாவது முறை தண்ணீர் காதில் பட்டது. கிடா தலையிலிருந்து வால் வரை சடசடவென்று சிலுப்பி எங்கள் மேலெல்லாம் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தது. டாக்டர் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். அதற்கப்புறம் அது புழுக்கை போட முக்கால் மணி நேரம் காக்கவைத்தது வேறு விஷயம். படித்த டாக்டரும், அரசாங்க உதவியாளனும், கோயில் அம்மாளும் ஓர் ஆட்டின் பின்னால் வாழையிலையோடு குந்தியிருந்தோம்.

இலையை மடித்துக் கொடுக்கும்போது அக்கா குரலைத் தாழ்த்தினார். "பூச்சி கீச்சின்னு பூச முடியிற வரைக்கும் வெளிய சொல்லிறாதீங்க." சத்தியம் செய்தோம். டாக்டர் எழுதிய அறிக்கையில்கூட இடத்தின் பெயர் கிடையாது. இப்போது எழுதுவதற்கு அக்காவிடமே கேட்டுக்கொண்டேன். நடந்து முடிந்த கதைதானே, எழுது என்றார்.

அன்றே முட்டைகளைப் பிரித்து, பாதியைத் தண்ணீரிலும் பாதியை மருந்திலும் போட்டோம். மருந்திலும் பொரித்தால் அதுவும் சாகாத வகை, எல்லாம் வீண். ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்து நேரே கொட்டகைக்குப் போனேன். டாக்டர் ஏற்கெனவே நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். தண்ணீரில் போட்டவை எல்லாம் பொரித்து நெளிந்துகொண்டிருந்தன என்றார். மருந்துத் தட்டுகளை எடுத்து வைத்தார். ஒவ்வொரு தட்டாக நகர்த்தினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"செத்துப்போச்சு சவரி! எல்லாம் செத்துப்போச்சு!"

அவர் போட்ட சத்தத்தில் காவலாளி, ஆடுகள்தான் மொத்தமாகப் போய்விட்டன என்று நினைத்துத் தடியோடு ஓடி வந்தார். வந்து பார்த்தால் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டே சிரிக்கிறார், நான் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது அன்றுதான் இறங்கியது. அப்போதுதான் எனக்குப் பசி என்பதே தெரிந்தது.

ஆராய்ச்சி நடந்தது. கொட்டகையும் மூடவில்லை. இந்த முறை புழுக்களை நான்கு ஆடுகளில், நான்கு தனிப் பட்டிகளில் வைத்தோம். அதற்குப் பிறகு நான் எந்த ஊரில் வேலை செய்தாலும், மந்தையில் தெம்பாக நிற்கும் ஆடுகளுக்கு மருந்து ஊற்றாமல் விட்டு, அந்தக் கட்டங்களைக் காலியாகவே வைத்தேன். சாகிற புழுவும் உலகத்தில் கொஞ்சம் இருக்கட்டும் என்றுதான். இப்போது உங்கள் பாடத்திலேயே அது இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அதோடு முடியவில்லை. மதியத்துக்கு மேல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்காவிடம் நன்றி சொல்லப் போனேன். பூசை முடிந்து, சாப்பிட்டு, ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மகள் காண்டா ஓரத்தில் மற்றப் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்தாள். அக்கா மட்டும் தண்ணீர்க் குழாயடியில் தனியாகச் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை. சாமி ஏற்றுக்கொண்டதா என்று கேட்டேன்.

"ஏத்துக்கிச்சு. நல்லா சிலுப்புச்சு." சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஆனா கொடலு கழுவ வேற யாரையும் விடல தம்பி. நானே கழுவினேன். நீ சொன்னது இருந்துச்சு. செவப்பும் வெள்ளையுமா, நூலு கணக்கா. யாரு கண்ணுலயும் படாம தண்ணியில விட்டுட்டேன். அதுலருந்து சோறு எறங்கல. ஊனமுள்ளத குடுத்துட்டேனா? என் புள்ள காலுக்கு ஏதும் வந்துருமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை நாங்கள் இலையோடு புழுக்கையை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வந்துவிட்டோம். எங்கள் பயத்தை அந்த அம்மாளிடம் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறோம். இரண்டு நாள் அவர் அதை ஒருவரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறார்.

நான் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அக்கா, இந்த வட்டாரத்துல எந்த ஆட்டுலயும் இல்லாத பூச்சி அது. மத்த எடத்துல இருக்கிறத எல்லாம் நான்தான் கெடுத்து வச்சிருக்கேன். நீங்க காத்து வச்சதுதான் கெடாம இருந்துச்சு. அத வச்சிதான் இனிமே மத்த ஆடுங்களுக்கு வழி கண்டுபிடிக்கப் போறோம்."

"அப்ப கிடாவுக்கு கொற இல்ல?"

"இல்ல அக்கா. கொற என் புஸ்தகத்துலதான் இருந்துச்சு."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். பொய் சொல்கிறேனா என்று தேடியிருப்பார். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "இரு, சோறு இருக்கு. நானும் இன்னும் சாப்பிடல" என்று உள்ளே போனார். இரண்டு இலை போட்டார். மறுநாள் காலை அலமாரியிலிருந்து அந்தப் பழைய புத்தகங்களை எடுத்து, அந்தக் கட்டத்து டிக்குகளை ஒவ்வொன்றாக அடித்து, ‘மருந்து கொடுக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.